மூன்று கொட்டேஷனிலும் "ஓசோன் நட்பு": பள்ளிக்கூட ஏசிக்கு எந்த கேஸ்?

8 பிப்ரவரி 2025 (கேள்வி: ஈரோடு பக்கத்துப் பள்ளித் தாளாளர் ஒருவர்)

எங்கள் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பசுமைக் கட்டடச் சான்று வாங்கியே ஆக வேண்டும் என்று அறக்கட்டளையில் முடிவெடுத்துவிட்டார்கள். ஏசிக்கு மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒருவர் 410ஏ என்ற கேஸ் போட்ட விஆர்எஃப் (ஒரே வெளி யூனிட்டிலிருந்து பல அறைகளுக்கு ஓடும் ஏசி) என்கிறார். இன்னொருவர் 32 என்ற கேஸ் போட்ட ஸ்பிளிட். மூன்றாமவர் 290 என்ற கேஸ். மூன்று தாளிலும் பச்சை இலை படம் போட்டு "ஓசோன் நட்பு" என்று அச்சடித்திருக்கிறார்கள். மூன்றும் ஓசோனுக்கு நல்லதென்றால் விலை குறைந்ததை எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இதில் குழப்பிக்கொள்ள என்ன இருக்கிறது?

8 பிப்ரவரி, இரவு (பதில்)

முதலில் அந்த இலைப் படத்தை ஒதுக்கிவிடலாம். இன்று இந்தியாவில் தயாராகும் எந்தப் புது ஏசியும் ஓசோனைத் தொடாது. பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த 12 என்ற கேஸ், அதாவது சிஎஃப்சி வகை, இங்கே உற்பத்தி நின்றது 2008 ஆகஸ்டில். ஏசிகளில் ஓடிய 22ஐ வைத்துப் புது இயந்திரம் செய்வது 2024 டிசம்பர் 31ஓடு முடிந்தது. பழைய மெஷின்களின் சர்வீசுக்கு மட்டும் 22 இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும். ஆகவே "ஓசோன் நட்பு" என்று ஒரு கம்பெனி பெருமையடிப்பது, தேர்தலில் நிற்கிறவர் "எனக்கு ஓட்டுரிமை இருக்கிறது" என்று போஸ்டர் அடிப்பது மாதிரி.

ஓசோனை அரிப்பது குளோரின். 12இல் இரண்டு குளோரின் அணு, 22இல் ஒன்று. 410ஏ, 32, 290 மூன்றிலும் குளோரினே கிடையாது. ஓசோன் கெடுதி எண் 12க்கு 1, 22க்கு 0.055, மற்ற மூன்றுக்கும் சுழி. அந்தப் பரீட்சையில் மூவரும் பாஸ், சரி.

அடுத்த பரீட்சை பூமிச் சூடு. ஒரு கிலோ கேஸ் வெளியே போனால் நூறாண்டுக் கணக்கில் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்ற எண்: 22க்கு 1,810. 410ஏக்கு 2,088. 32க்கு 675. 290க்கு சுமார் 3. கவனியுங்கள், ஓசோனைக் காப்பாற்ற 22ஐ விட்டுவிட்டு 410ஏக்குப் போனோமே, சூட்டுக் கணக்கில் அது ஒரு படி மேலே. அதனால்தான் 2016இல் ருவாண்டா நாட்டுக் கிகாலியில் உட்கார்ந்து, ஓசோனுக்காக 1987இல் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்திலேயே 410ஏ, 32 போன்ற இந்த எச்எஃப்சி கேஸ்களையும் சேர்த்தார்கள்.

நான் கோவையில் ஏசி வேலை எடுத்துச் செய்கிறவன், பள்ளி கல்லூரிகள்தான் அதிகம். எந்தக் கம்பெனிக்கும் டீலர் இல்லை. இனி வரும் குறிப்புகளை அதை வைத்துப் படியுங்கள்.

9 பிப்ரவரி

விலை குறைந்தது எது என்று பார்ப்பதற்கு முன், எவ்வளவு காலத்துக்கு விலை குறைவு என்று கேட்க வேண்டும். விஆர்எஃப் வாங்கினால் குறைந்தது 15 வருடம் ஓட்டுவீர்கள், அதாவது 2040. கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி எச்எஃப்சி பயன்பாடு 2028இல் உச்சவரம்போடு நிற்கும். 2032இல் 10 சதம், 2037இல் 20, 2042இல் 30, 2047இல் 85 சதம் என்று குறைத்தாக வேண்டும். இந்த ஒதுக்கீடு கிலோவில் இல்லை, கார்பன் சமானத்தில். ஒரே ஒதுக்கீட்டில் 410ஏ ஒரு கிலோ கொண்டுவருகிற இடத்தில் 32 மூன்று கிலோ கொண்டுவரலாம். வியாபாரி எதைக் கொண்டுவருவான்?

அமெரிக்காவில் சூட்டு எண் 700க்கு மேலுள்ள கேஸோடு வீட்டு ஏசி தயாரிப்பது 2025 ஜனவரி 1 முதல் கிடையாது. ஐரோப்பாவில் 2017, 2018இல் ஒதுக்கீடு இறுகியபோது 410ஏ விலை பல மடங்கு ஏறியது. நம் ஊரில் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் போகிற திசை அதுதான்.

9 பிப்ரவரி, மறுபடியும்

"ஓசோன் நட்பு ஏசியிலிருந்து ஓசோன் வருமா, குழந்தைகளுக்கு நல்லதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வராது. வரவும் கூடாது. தலைக்கு மேல் 15இலிருந்து 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்வரைதான் ஓசோன் நல்லவன். வகுப்பறைக்குள் வந்தால் மூச்சுக்குழலை எரிக்கிற வாயு அது. "அயனி", "பிளாஸ்மா" என்று கூடுதல் விலைக்கு ஏசியோடு ஒரு டப்பாவைத் தலையில் கட்டுவார்கள். அதில் சிலது கொஞ்சம் ஓசோனை நிஜமாகவே விடும். பள்ளிக்கு வேண்டாம்.

13 பிப்ரவரி

தாளாளர் கட்டட வரைபடம் அனுப்பினார். விஆர்எஃப் கொட்டேஷனில் தரைத்தளம் முழுவதும் ஒரே சர்க்யூட். உள்ளே ஓடப்போகிற கேஸ் சுமார் 20 கிலோ. அந்த லைனில் வகுப்பறைகளோடு, உடம்பு சரியில்லாத பிள்ளைகளைப் படுக்க வைக்கும் அறையும் சேர்ந்திருக்கிறது. பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. கன அளவு 28 கனமீட்டர்.

410ஏ விஷமில்லை, தீயும் பிடிக்காது. ஆனால் காற்றைவிடக் கனம். லீக்கானால் தரையோடு தேங்கி, மூச்சுக்கு வேண்டிய காற்றைத் தள்ளிவிடும். அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் தரவிதியில் 410ஏக்கு ஒரு கனமீட்டருக்கு 0.42 கிலோதான் எல்லை. 28ஐ 0.42ஆல் பெருக்கினால் 12 கிலோகூட வராது. அந்தச் சின்ன அறையில் பைப்பை இணைக்கும் ஒரு ஃபிளேர் நட் விட்டுப்போனால் சர்க்யூட்டின் 20 கிலோவும் அந்த அறைக்குள்தான் கொட்டும். பிள்ளை படுத்திருக்கும் அறை, கதவும் சாத்தியிருக்கும்.

விஆர்எஃப் போடக் கூடாது என்று சொல்லவில்லை. சின்ன அறையை அந்த லைனிலிருந்து பிரித்துத் தனி ஸ்பிளிட் போட வேண்டும், அல்லது சர்க்யூட்டைச் சிறிதாக்க வேண்டும். மூன்று கொட்டேஷனிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இலைப் படத்துக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

15 பிப்ரவரி

"கேஸ் லீக்கெல்லாம் சின்ன விஷயம், கரண்ட்தான் பெரிசு" என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். பாதி சரி. கணக்குப் போடலாம்.

ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஸ்பிளிட், சராசரி மணிக்கு ஒரு யூனிட், ஆறு மணி நேரம், வருடத்துக்கு 180 நாள். 1,080 யூனிட். நம் கிரிட்டில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் வருடத்துக்கு முக்கால் டன், பத்து வருடத்துக்கு ஏழரை டன்.

இப்போது கேஸ். அதே அளவு 410ஏ மெஷினில் ஒன்றரை கிலோ என்று வையுங்கள், முழுசும் போனால் 3.1 டன். பத்து வருடத்தில் இரண்டு முறை காலியாகி மறுபடி நிரப்பி, கடைசியில் கழற்றும்போது மிச்சத்தையும் காற்றில் விட்டால் 9.4 டன். கரண்டைத் தாண்டிவிட்டது. 32 என்றால் 0.9 கிலோ, ஒருமுறை போனால் 0.6 டன். 290 என்றால் 350 கிராம், போனால் ஒரு கிலோ கார்பன். டன் இல்லை, கிலோ.

லீக்கே ஆகாத 410ஏ மெஷின் வைத்திருப்பவருக்கு நண்பர் சொல்வது சரி. அப்படிப்பட்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

16 பிப்ரவரி

நேற்றைய கணக்கு கிரிட் கரண்டுக்குப் போட்டது. இந்தக் கட்டடத்தின் மாடியில் சோலார் வரப்போகிறது. பள்ளி ஓடுவது பகலில், பேனல் கரண்ட் தருவதும் பகலில். அப்படியென்றால் கரண்ட் பக்கத்து ஏழரை டன் நன்றாகச் சுருங்கும், கேஸ் பக்கம் அப்படியே நிற்கும். சோலார் போட்ட பள்ளி கேஸ் விஷயத்தில் மற்றவர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும் என்று ஆகிறது. எனக்கே இது இப்போதுதான் உறைக்கிறது.

பசுமைச் சான்றைப் பற்றியும் ஒன்று. லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டட மதிப்பீட்டின் நான்காம் பதிப்பில் சிஎஃப்சி இருக்கக் கூடாது என்பது கட்டாய நிபந்தனை, அது இன்று யாருக்கும் சிரமமில்லை. கூடுதல் புள்ளிக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஒரு டன் குளிர்ச்சிக்கு எவ்வளவு கேஸ், அதன் ஓசோன் எண், சூட்டு எண், மெஷினின் ஆயுள் எல்லாம் அதில் வரும். வருடத்துக்கு 2 சதம் லீக், கடைசியில் கழற்றும்போது 10 சதம் இழப்பு என்று வைத்துக்கொண்டு போடுகிறார்கள். அந்த 10 சதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கழற்ற வருகிறவர்கள் நட்டைத் தளர்த்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள், திரும்பி வருவதற்குள் நூறு சதமும் போயிருக்கும். கேஸை உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்கிற ரெக்கவரி மெஷின் எத்தனை பேர் வண்டியில் இருக்கிறது என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

22 பிப்ரவரி

290 என்பது புரோப்பேன், தீப்பிடிக்கும் வாயு. "குழந்தைகள் தலைக்கு மேல் வெடிகுண்டா?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான், கோபப்படத் தேவையில்லை.

சர்வதேச தரவிதி ஐஇசி 60335-2-40இல் அறையின் அளவுக்கும் கேஸின் எடைக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. சுவரில் 1.8 மீட்டர் உயரத்தில் மாட்டும் யூனிட், இருபதுக்கு இருபத்தைந்து அடி வகுப்பறை என்றால் அரை கிலோ 290 வரை போகலாம். நம் மெஷினில் 350 கிராம். ஆக வகுப்பறைக்குள் அடங்கும். அதே சூத்திரத்தை எட்டுக்குப் பத்து அலுவலக அறைக்குப் போட்டால் 200 கிராம்தான் வரும், அங்கே இந்த மெஷின் கூடாது. 2022இல் வந்த பதிப்பு கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தால் அளவைத் தளர்த்துகிறது. நான் பழைய கணக்கிலேயே நிற்பேன், பள்ளிக்கூடம் என்பதால்.

எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "கேன்டீனில் 14.2 கிலோ சிலிண்டர் வைத்திருக்கிறீர்களே, 350 கிராமுக்குப் பயமா?" நானும் இதைச் சொல்லித்தான் கூட்டங்களில் தப்பித்திருக்கிறேன். ஆனால் முழு நியாயமான பதில் இல்லை. சமையல் கேஸில் நாற்றம் கலந்திருக்கிறது, கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். ஏசிக்கு வரும் 290க்கு வாசனையே கிடையாது. அதோடு கேன்டீனில் ஆள் நிற்கிறார், வகுப்பறை ஏசியை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, கேட்டால் நம்ப மாட்டீர்கள். "290ம் சமையல் கேஸும் ஒன்றுதானே" என்று வீட்டுச் சிலிண்டரிலிருந்து ஏற்ற முயல்கிறவர்கள் உண்டு. சமையல் கேஸில் பியூட்டேன் கலந்திருக்கும், ஈரம் இருக்கும், சுத்தம் வேறு. கம்ப்ரசர் போகும். போவது கம்ப்ரசரோடு நின்றால் அதிர்ஷ்டம்.

கோத்ரெஜ் 2012இலேயே இந்தியாவில் 290 ஏசி விற்கத் தொடங்கியது, புதுச் சரக்கு இல்லை. 32ஐ டைக்கின் ஜப்பானில் கொண்டுவந்ததும் அதே வருடம்தான். 32க்கும் தீப்பிடிக்கும் குணம் லேசாக உண்டு, "ஏ2எல்" என்று தரம் போட்டிருப்பார்கள். பற்றினாலும் மெதுவாகத்தான் பரவும். ஆனால் எரிந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், அது நுரையீரலுக்கு ஆகாது.

1 மார்ச்

இந்த வாரம் பார்த்தது. வேறொரு பள்ளி, பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் லேப் ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் அவர்களுடைய ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் ஏற்கெனவே மாடியில் இருந்தான். இருபது வயது இருக்கும். அவுட்டோர் யூனிட் பக்கத்தில் குந்தி, கேஜ் மாட்டி, சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான். தராசு இல்லை.

"எவ்வளவு ஏத்துற?"

"நூத்தி இருபது வர்ற வரைக்கும்ணா."

22க்கு 65 பவுண்டு அழுத்தம், 410க்கு 120 என்று யாரோ அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அவனுடைய படிப்பு. வெயிலுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் ஏற்றபடி அந்த எண் மாறும் என்பது அவனுக்குத் தெரியாது. ஃபிளேர் நட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதில் தூசி ஒட்டி ஒரு வளையம். லீக் எங்கே என்று தேட வேண்டியதே இல்லை, அது எழுதியே வைத்திருந்தது. நான் பாட்டிலில் சோப்பு நுரை கொண்டுபோய்த் தடவியதும் குமிழி வந்தது. நட்டைக் கழற்றிப் பார்த்தால் ஃபிளேரில் ஒரு பக்கம் மயிரிழை விரிசல். அவன் போன மாதமும் அதே மெஷினுக்கு அதே வேலையைத்தான் செய்திருக்கிறான். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும்.

"வேக்யூம் பம்பு எங்க தம்பி?" என்றேன். ஆபீஸில் இரண்டு செட்டுக்கு ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்களாம், இன்னொரு ஆள் எடுத்துப் போய்விட்டானாம். அப்படியானால் பைப்பில் இருக்கும் காற்றை எப்படி எடுப்பான்? கொஞ்சம் கேஸைத் திறந்து விட்டுத் தள்ளிவிடுவான். 22 காலத்திலிருந்து வருகிற பழக்கம் இது. அதை 290 மெஷினில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டேதான் படியிறங்கினேன்.

பையன் மேல் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவனுக்குக் கிடைக்கிற சம்பளத்துக்கு அவனாகப் பம்பு வாங்க முடியாது.

2 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ 290 வேண்டாம் என்கிறீர்களா?" என்று தாளாளர் கேட்டிருக்கிறார்.

இங்கேதான் எனக்கே மனம் இரண்டுபடுகிறது. காகிதத்தில் 290தான் முதல். ஓசோன் சுழி, சூடு 3, கரண்டும் நன்றாகவே மிச்சமாகும், கிகாலி பயமே இல்லை. ஆனால் கேஸைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத் தொடப்போகிற ஆளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். ஈரோட்டில் 290 மெஷினை முறையாகத் திறந்து மூடத் தெரிந்தவர் கைவசம் இருந்தால், கம்பெனியே சர்வீஸுக்கு எழுதிக் கொடுத்தால், வகுப்பறைக்கு 290. இல்லையென்றால் 32.

32க்கு ஒரு வசதி உண்டு, யாரும் சொல்வதில்லை. அது ஒற்றைச் சரக்கு. 410ஏ என்பது 32ஐயும் 125 என்ற இன்னொரு கேஸையும் பாதிக்குப் பாதி கலந்தது. 407சி என்ற கேஸ் மூன்றைக் கலந்தது, லீக்கானால் கலவையின் விகிதமே மாறிவிடும், டாப்-அப் செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். 32ம் 290ம் அப்படி இல்லை. ஆனால் 290இல் மொத்தமே 350 கிராம் என்பதால் 30 கிராம் கூடினால் குறைந்தால் மெஷின் முகம் காட்டும். டிஜிட்டல் தராசு இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

5 மார்ச்

சிலிண்டர் நிறத்தை நம்பலாமா என்று ஒரு கேள்வி. முன்பு 22 என்றால் வெளிர் பச்சை, 410ஏ என்றால் ரோஸ், 134ஏ (கார் ஏசி கேஸ்) என்றால் வானநீலம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் கலந்த பச்சை என்று அமெரிக்க ஏசித் தயாரிப்பாளர் சங்கமே மாற்றிவிட்டது. லேபிளைப் படியுங்கள், பில்லை வாங்குங்கள். போலி 134ஏ என்று மெத்தில் குளோரைடை அடைத்து விற்றதில் 2011இல் வெளிநாட்டில் குளிர்கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

9 மார்ச்

தூத்துக்குடியிலிருந்து ஒருவர், அவர் பள்ளியில் போட்ட மூன்றாவது வருடமே காயில் பொத்தல் என்கிறார். உப்புக்காற்று ஒரு காரணம். அவர் அனுப்பிய படத்தில் அதைவிட எனக்கு உறுத்தியது வேறு: பையன்கள் கழிப்பறையின் வென்டிலேட்டருக்கு நேராக அவுட்டோர் யூனிட்டுகளை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள்.

மூத்திரத்திலிருந்து வருவது அம்மோனியா. ஃபிளேர் நட் பித்தளை. இறுக்கத்தில் இருக்கும் பித்தளைக்கு அம்மோனியா ஆகவே ஆகாது, நாளடைவில் விரிசல் விடும். இது நம் ஊரில் கண்டுபிடித்த கதைதான். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைக்க, பித்தளை உறைகள் தானாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் விளக்கினார்கள். நூறு வருடம் கழித்து நாம் ஏசியைக் கழிப்பறைச் சுவரில் மாட்டுகிறோம், அந்தச் சந்து காலியாக இருக்கிறது என்பதற்காக.

எந்த கேஸ் என்று ஒரு மாதமாகப் பேசுகிறோம். எங்கே மாட்டுவது என்பது அதற்கு முன்னால் வர வேண்டிய கேள்வி.

10 மார்ச்

மாடி அரங்கத்துக்கு பஃப் பேனல் (நடுவில் நுரை அடைத்த தகடு) கூரை என்று தாளாளர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். ஓசோனைத் தேடுகிறவர்கள் பார்க்க மறக்கும் இடம் அது. அந்த நுரையை ஊத 141பி என்ற எச்சிஎஃப்சியைத்தான் (22இன் இனம்) வருடக்கணக்கில் பயன்படுத்தினார்கள், அதன் ஓசோன் எண் 0.11, 22ஐப் போல இரண்டு மடங்கு. இந்தியா 2020 ஜனவரி 1 முதல் அதை நிறுத்தியது. புதுப் பேனல் என்றால் கவலையில்லை. "நல்ல கண்டிஷன்" என்று எங்கோ பிரித்த பழைய பேனல் மலிவாக வந்தால் வாங்காதீர்கள். அறுக்கும்போதும் துளை போடும்போதும் அந்த வாயுதான் வெளியே வரும்.

17 மார்ச்

அண்ணாந்து கூரையைப் பார்த்தபோது தோன்றியது. எத்தனை டன் ஏசி என்று மூன்று கொட்டேஷனும் சதுர அடிக் கணக்கில்தான் போட்டிருக்கின்றன. மேல்மாடி வகுப்பறைக்கும் தரைத்தளத்துக்கும் ஒரே டன். அப்படி இருக்க முடியாது. மொட்டை மாடியில் வெள்ளைத் தட்டு ஓடுகளோ சூடு திருப்பும் பூச்சோ போட்டுவிட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். டன் குறைந்தால் கேஸும் குறையும். எந்தக் கேஸாக இருந்தாலும் வாங்காத கேஸ் லீக்காகாது.

ஈரோட்டில் மார்ச், ஏப்ரல் காற்று வறண்டது. அரங்கத்துக்கு ஏசியே வேண்டாம், தண்ணீரால் குளிரவைக்கும் டக்ட் கூலர் போதும் என்பது என் எண்ணம். தண்ணீருக்கும் கேஸ் வரிசையில் ஒரு நம்பர் உண்டு, 718. ஓசோனும் சுழி, சூடும் சுழி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பேட் சீக்கிரம் கட்டிதட்டும், மாற்றும் செலவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி நண்பர் இதைப் படித்துவிட்டுப் போட வேண்டாம். கடலோரப் புழுக்கத்தில் கூலர் போட்டால் புத்தகம்தான் நமுக்கும்.

20 மார்ச்

இதுவரை யாரும் கேட்காததை நானே கேட்டுவிடுகிறேன். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்தால் ஒரு பீரியடுக்குள் கார்பன் டை ஆக்சைடு 2,000 பிபிஎம்மைத் தாண்டும். மத்தியானம் வகுப்பு தூங்கி வழிவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. வெளிக்காற்று கொண்டுவர ஒரு ஃபேன், ஒரு ஃபில்டர், சின்ன டக்ட், இவை எந்தக் கொட்டேஷனிலும் இல்லை.

அதையும் சேர்த்தால் ஏசி சுமை கூடும் என்று சொல்வார்கள். கூடும். சீலிங் ஃபேனை எடுக்காமல் விட்டு தெர்மோஸ்டாட்டை 27இல் வையுங்கள், திரும்பக் குறையும். ஏசி போட்டதும் ஃபேனைக் கழற்றுவது நம் ஆட்களுக்கு ஒரு கௌரவம். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான் இழுக்கும்.

4 ஏப்ரல்

டெண்டரில் என்ன எழுதச் சொல்வீர்கள் என்று தாளாளர் கேட்டார். நான் அனுப்பியது சுருக்கமாக இதுதான். போடும்போது நைட்ரஜன் அடைத்து ஒருநாள் நிறுத்திப் பார்த்துவிட்டு, வேக்யூம் மீட்டரில் எண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து டெஸ்ட் செய்தால் அன்றே வெளியே அனுப்பலாம், எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடிக்கும், ஆள் போயிருக்கிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் எவ்வளவு கிராம் ஏற்றினோம் என்று பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். லீக்கை அடைத்ததற்கு ஆதாரம் இல்லாமல் கேஸ் பில் செல்லாது. கழற்றும்போது கேஸைப் பிடித்து எடை போட்டுக் காட்டினால்தான் கடைசித் தவணை.

இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்ததும் 410ஏ கொட்டேஷன்காரர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாராம்.

12 ஜூன்

தாளாளரிடமிருந்து முடிவு வந்திருக்கிறது. விஆர்எஃப் இல்லை. கம்ப்யூட்டர் லேபுக்கும் அலுவலக அறைகளுக்கும் 32 ஸ்பிளிட். கம்பெனியே ஐந்து வருட சர்வீஸ் எழுதிக் கொடுத்ததால் மேல்மாடி வகுப்பறைகளுக்கு மட்டும் 290. கீழ்த்தள வகுப்பறைகளில் இப்போதைக்கு ஃபேனும் வெளிக்காற்று டக்டும்தான், ஒரு கோடையைப் பார்த்துவிட்டு முடிவு. அரங்கத்துக்குக் கூலர். உடம்பு சரியில்லாத பிள்ளைகளின் அறைக்கு ஜன்னல் பெரிதாகியிருக்கிறது, ஏசி கிடையாது.

290 மெஷின்களை மாடிக்கு அனுப்பியதில் எனக்குச் சம்மதம். புரோப்பேனும் காற்றைவிடக் கனம், கீழே இறங்கும். அவுட்டோர் யூனிட்டுகளுக்குப் பக்கத்தில் தாழ்வான சம்ப்போ, லிஃப்ட் குழியோ, சாக்கடை மேன்ஹோலோ வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். தெற்குப் பக்கம் ஒன்று மழைநீர்த் தொட்டி மூடிக்கு மேலேயே வருகிறது. அதை நகர்த்தப் போகிறார்கள்.

13 ஜூன்

கேட்க மறந்தது. கீழ்த்தளச் சுவர்களில் பின்னால் ஏசி வந்தால் பைப் போக இப்போதே ஸ்லீவ் விட்டுவிடுங்கள், வெளிப்பக்கம் சற்று இறக்கமாக. டிரெயினுக்கு வாட்டம் இல்லாமல் விட்டால் தண்ணீர் உள்ளே கரும்பலகை மேல்தான் வழியும்.